உலகு சிஸ்டரின் வெள்ளைக் கோட்டு

ஆலடிப்பேரி ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் குடியிருந்த உலகு சிஸ்டரின் கைராசி, ஒரு புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம் பார்த்து ஒரு மஞ்சள் பைக்குள் ஏறி, அயர்லாந்துக்கென்று கிளம்பி, ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரியில் இருந்த மாரித்தங்கத்தின் தையல்கடை வரைக்கும் போய், அதற்குமேல் நகராமல் அங்கேயே தங்கிவிட்டது. அதை யாரும் பிடித்து வைக்கவில்லை. பை மாறிப்போனதுதான் காரணம். மாற்றியவள் மாரித்தங்கம். கொஞ்ச நாள் அவள் அதை மறைத்தது உண்மைதான். ஆனால் பிறகு ஊர் கூடிய இடத்தில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள்.

உலகம்மாள் என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் உலகு சிஸ்டர். ஒளிந்துகொண்ட நரம்பும் அவள் விரல் பட்டால் தானாக எழுந்து வந்து நிற்கும், குறுக்கே கிடந்த பிள்ளை அவள் அதட்டலுக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளும், அவள் போட்ட தையல் தழும்பில்லாமல் ஆறும் என்பதெல்லாம் ஊரில் பேச்சு, பேச்சில் முக்கால்வாசி நிஜம். பிரசவ வார்டு வாசலில் கூட்டம் போடும் சொந்தக்காரர்களை அவள் திட்டுகிற திட்டில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அமைதியாகிவிடும். இத்தனைக்கும் அவள் ஒப்பந்த நர்ஸ். அடுத்த வருஷம் நிரந்தரம், அடுத்த வருஷம் நிரந்தரம் என்று பதினோரு வருஷம் சொன்னார்கள். அந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது.

மாரித்தங்கம் அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டும் ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போயின. அடங்கியதைவிட அவளை அறுத்தது, அடங்கியது தெரியாமல் அவள் இரண்டு நாள் பாட்டுக்கேட்டுக்கொண்டே மிஷின் மிதித்துக்கொண்டிருந்ததுதான். இந்தத் தடவை உலகு சிஸ்டர் அவள் வயிற்றில் கையை வைத்து, "இது நிக்கும்ட்டி. என் கையிலதான் பொறக்கும், நீ சும்மா கிட" என்று சொல்லியிருந்தாள். அந்தக் கை இப்போது கடல் தாண்டப் போகிறது. போவதைச் சொல்ல வந்த சிஸ்டர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். "போங்கக்கா, போங்க. போனாத்தான் உங்க பிள்ளையள கரையேத்த முடியும்" என்று மாரித்தங்கம் வாயால் சொன்னாள். மனசு சொல்லவில்லை.

டிக்கெட் சனிக்கிழமை. வீட்டை விட்டுக் கார் கிளம்ப வேண்டிய நேரம் ஒன்பதரை. சனிக்கிழமை ஒன்பதரை என்றால் நட்ட நடு ராகு காலம், அன்றைக்கு அஷ்டமி வேறு. விமானம் யாருக்காகவும் நிற்காது என்பதால், சிஸ்டரின் நாத்தனார் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றாள். ஆள் கிளம்ப முடியாத நல்ல நேரத்தில் ஆளுடைய சாமான் ஒன்றைப் பையில் போட்டு வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை, போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் போதும். அதனால் புதன்கிழமை ஒன்பதேகாலுக்கு, பதினோரு வருஷம் பிரசவ வார்டில் போட்டுத் தேய்ந்த தன் வெள்ளைக் கோட்டை மடித்து மஞ்சள் பையில் வைத்து, சிஸ்டர் ரோட்டைத் தாண்டி வந்து மாரித்தங்கத்தின் கையில் கொடுத்தாள். "இனி நான் பாதி போயாச்சு" என்று சிரித்தாள். உண்மையில் அவள் போகவில்லை, அவளுடைய கை கிளம்பிவிட்டது. இரண்டு பேருக்கும் அது அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை கார் கடை வாசலில் நின்றபோது ஹாரன் சத்தம், நாத்தனாரின் அவசரம், பிள்ளைகளின் அழுகை, இவற்றுக்கு நடுவில் மாரித்தங்கம் கண் நிறைந்த தண்ணீரோடு அலமாரிக்குள் கையை விட்டு மஞ்சள் பையை எடுத்துக் கார் ஜன்னலுக்குள் நீட்டினாள். அலமாரியில் மஞ்சள் பை இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே ஜவுளிக்கடைப் பை. உலகு சிஸ்டர் அயர்லாந்துக்குக் கொண்டுபோனது, பூக்காரி பேச்சித்தாய் தன் மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஆறு பட்டு ஜாக்கெட் துணிகளும் ஒரு அளவு ஜாக்கெட்டும்தான்.

மிச்சமிருந்த பையை மாரித்தங்கம் திங்கட்கிழமை திறந்தாள். உள்ளே ஒரு பழைய வெள்ளைக் கோட்டு. எதிரே ஆஸ்பத்திரி என்பதால் கிழிந்த கோட்டும் நைந்த பெட்ஷீட்டும் ஒட்டுத்துணிக்கென்று அவள் கடைக்கு வருவது வழக்கம். பேச்சித்தாயின் பட்டு வேறு பையில் இருக்கும், இது ஆஸ்பத்திரிச் சலவைக்காரர் போட்டுவிட்டுப் போனது என்று நினைத்து, அழுது வீங்கிய கண்ணோடு கத்தரியை எடுத்துக் கரகரவென்று வெட்டினாள். வலது கை பரோட்டா மாஸ்டர் சங்கரபாண்டியின் புதுச்சட்டைத் தோளுக்கு உள்ஒட்டாகப் போனது. இடது கை, பேச்சித்தாய் தனக்கென்று தைக்கக் கொடுத்திருந்த நூல் ஜாக்கெட்டுக்கு லைனிங். பாக்கெட், பதினேழாம் நம்பர் டவுன் பஸ் கண்டக்டர் ஆறுமுகநயினாரின் ஓட்டை விழுந்த காக்கிப் பாக்கெட்டுக்கு. காலர், ரேஷன் கடை பழனிவேல்ராஜனின் காலருக்கு. நெஞ்சுப் பக்கத்தில் ஒரு துண்டு நல்ல கனமாக இருந்ததால், தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் குண்டூசிப் பட்டைக்கு உறையாகத் தைத்துக்கொண்டாள். முதுகும் பொத்தான்களும் வெட்டுத்துணிக் கூடைக்குள் போயின.

அன்று சாயங்காலமே அயர்லாந்திலிருந்து போன் வந்தது. "ஏட்டி மாரி, பை மாறிப்போச்சுட்டி! இங்க வந்து பிரிச்சா பட்டுப் பட்டா வருது. என் கோட்டு அங்கதான் இருக்கா?" என்று சிஸ்டர் சிரித்தாள்.  மாரித்தங்கம் கூடையில் கிடந்த வெள்ளை முதுகைப் பார்த்துக்கொண்டே, "பத்திரமா இருக்குக்கா" என்றாள். அந்த ஒரு பொய் அவள் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு இரண்டரை மாதம் நின்றது.

சங்கரபாண்டிக்குத்தான் முதலில் வெளிப்பட்டது. வாந்தியும் பேதியுமாகச் சாப்பிட வந்த இடத்தில் மயங்கி விழுந்த ஒரு லாரிக்காரரை அவன் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் இளவழகன் அந்த ஊருக்கும் இன்னும் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே டாக்டர். நர்ஸ் இடத்துக்கு ஆள் வரவில்லை. நரம்பு கிடைக்காமல் நான்காவது தடவையாகக் குத்திக்கொண்டிருந்தார். அப்போது சங்கரபாண்டி, "தள்ளுங்க டாக்டர்" என்று சொல்லி, லாரிக்காரரின் கையை மாவு உருட்டுகிற மாதிரி இரண்டு தடவை தடவி, ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிட்டான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கை கழுவினியளா?"

"மாவு பிசைஞ்சிட்டு இப்பத்தான் கழுவினேன்."

"சரி. அடுத்த பெட்டுக்குப் போறதுக்கு முன்ன இன்னொரு தரம் கழுவிக்கிடுங்க."

அந்த வாரத்துக்குள் மற்றவர்களுக்கும் வந்துவிட்டது. பதினேழாம் நம்பர் பஸ்ஸில் வலியோடு ஏறிய ஒரு பெண்ணைப் பார்த்து ஆறுமுகநயினார், "பயப்படாதம்மா, உனக்கு இன்னும் ஆறு ஸ்டாப் இருக்கு" என்றார். சரியாக ஆறு ஸ்டாப் தள்ளி, ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளை தலைகாட்டியது. பூக்கட்டும் பேச்சித்தாய் அதே விரலால் தையல் போட்டாள். இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, முடிச்சு உள்ளே போனது தெரியாது. வாழ்நாளில் ஒருவரையும் அதட்டியறியாத பழனிவேல்ராஜன், பிரசவ வார்டு வாசலில் நின்று உலகு சிஸ்டரின் குரலிலேயே, "பெத்தவ ஒருத்தி, வேடிக்கை பாக்க ஒம்பது பேரா? நடங்க வெளிய!" என்று முழங்கினார். முழங்கிவிட்டுத் தானே பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். ரேஷன் கடையில் அன்றுமுதல் வரிசை நேராக நின்றது.

மாரித்தங்கத்துக்கு வந்தது வேறு. ஜாக்கெட்டுக்குக் கை அளவு எடுக்க மணிக்கட்டைத் தொட்டால், உள்ளே ஓடுவது அவள் விரலுக்குக் கேட்டது. "அத்தை, உங்களுக்கு ரத்தம் ரொம்பக் குறைச்சலா இருக்கு, முருங்கைக்கீரை தின்னுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அளவைக் குறிப்பாள். ஒருநாள் மத்தியானம் கடையில் ஆளில்லாதபோது அவள் அந்தக் கையைத் தன் வயிற்றிலேயே வைத்தாள். கேட்டது. சின்னதாக, அவசரமாக, மிஷினை முழுவேகத்தில் மிதித்தால் ஊசி இறங்குகிற வேகத்தில் ஒரு துடிப்பு. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கையை எடுக்கவே இல்லை. இனி இந்தப் பிள்ளை அவளுக்குத் தெரியாமல் எங்கேயும் போக முடியாது. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டுகளில் பாதிக்கு அவள் கூலியே வாங்கவில்லை.

ஊர் இதை அதிசயமென்று கொண்டாடவில்லை. வேலையாக எடுத்துக்கொண்டது. பரோட்டாக் கடைப் பலகையில் "காலை பதினொன்று வரை மாஸ்டர் ஆஸ்பத்திரியில்" என்று எழுதிப்போட்டார்கள். பிரசவம் இருந்தால் பதினேழாம் நம்பர் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடித்துவிட்டு என்ன பிள்ளை என்று தெரிந்துகொண்டு ஏறுவார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதும் ஏட்டில் டிப்போக்காரர் 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொண்டார். பெரியாஸ்பத்திரிக்கு ஓடி ஓடி டயர் தேய்ந்த ஆம்புலன்ஸ் வேப்பமரத்தடியில் ஓய்வாக நின்றது. சுற்றுவட்டாரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். சோதனைக்கு வந்த அதிகாரிகூட எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாரித்தங்கத்திடம் நாடி பார்த்துக்கொண்டு, உப்பைக் குறைப்பதாகச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். ஊரில் யாரும் இப்போது நிமிஷமென்று பேசுவதில்லை, எல்லாவற்றுக்கும் ஸ்டாப்தான். சோறு வெந்துவிட்டதா என்றால் இன்னும் ஒரு ஸ்டாப் என்றார்கள். சிஸ்டர் போகும்போது தன் கைராசியை ஊருக்கென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், என்ன பெரிய மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மாரித்தங்கத்தின் தொண்டையில் முள் குத்தியது. இரண்டரை மாதத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் பிறந்தன. பேச்சித்தாய் மட்டும் வாரம் ஒருமுறை வந்து, "ஏட்டி, என் மவ ஜாக்கெட்டு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாரித்தங்கத்துக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது சிஸ்டரின் போன் திரும்ப வந்தது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"மாரி, என் கை என்கிட்ட இல்லட்டி. இங்க வேலைக்குச் சேரணும்னா கைவேலைப் பரீட்சை ஒண்ணு வைக்காவ. பொம்மைதான். பொம்மைக் கைக்கே எனக்கு ஊசி ஏறல. பதினோரு வருஷம் செஞ்சத யாரோ தொடச்சு எடுத்தாப்பில இருக்கு. முதத் தடவ தோத்துட்டேன். இன்னும் மூணு வாரத்துல ரெண்டாந்தடவ. அதுவும் தோத்தா திருப்பி அனுப்பிருவாவ. இங்க ராத்திரியும் பகலும் அந்தக் கோட்டு ஞாபகமாவே இருக்கு. அத அனுப்பி வையேன். மாரி? இருக்கியா? கோட்டு பத்திரமாத்தான இருக்கு?"

மாரித்தங்கம் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. "அனுப்புதேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் அவள் புருஷன் ஐயாக்குட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஐயாக்குட்டி மைக் செட் போடுகிறவர். மைக்கில் ஊர் அதிரப் பேசுவார், வீட்டில் வாய் திறக்க மாட்டார். அன்றைக்குத் திறந்தார். "ஒரு மாசம் பொறு. நம்ம பிள்ள வெளிய வரட்டும், பெறவு அனுப்பலாம். ரெண்டு பிள்ளையக் குடுத்தாச்சு மாரி. மூணாவதையும் தெரியாம குடுக்கச் சொல்லுதியா?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் வயிற்றில் கையை வைத்தாள். துடிப்பு கேட்டது. கேட்கக் கேட்க, அங்கே ஒரு பொம்மைக்கு முன்னால் வெறும் கையோடு நிற்கிற உலகு அக்காவும் கண்ணில் வந்து நின்றாள்.

சாயங்காலம் அவள் நான்கு பேரையும் கடைக்கு வரச்சொன்னாள். நான்கு பேருக்குச் சொன்னது நானூறு பேருக்குச் சொன்ன மாதிரி. டாக்டரும் வந்தார், பதினேழாம் நம்பர் பஸ்ஸும் பயணிகளோடு வந்து நின்றது. மாரித்தங்கம் பை மாறியதையும், கோட்டை வெட்டியதையும், பொய் சொன்னதையும், பரீட்சையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.  பிறகு ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள்.

"சிஸ்டருக்கு இந்தக் கை எங்கேருந்து வந்துச்சு? நம்ம ஊருப் பிள்ளையள எடுத்து எடுத்து வந்த கை. நம்ம வயித்துல பழகின தொழில் நமக்கு இல்லாம, அயர்லாந்துக்காரிக்கா?" என்றார் கண்டக்டர்.

"நம்ம ஊருன்னா பதினோரு வருசமா நிரந்தரம் பண்ணாம வச்சிருந்தோமே, அப்ப எங்க போச்சு இந்த நியாயம்?" என்று சங்கரபாண்டி எகிறினான். "அது அவ கை. நாம இரவல் வாங்கிப் போட்டுட்டுத் திரியுதோம்."

"பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியில ஆம்புலன்ஸ்லயே போன உசுரு எத்தனன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்க மதினியும் அதுல ஒருத்தி" என்றான் சங்கரபாண்டி.

பேச்சித்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. "அப்பம் என் மவ பட்டு?" என்றாள். கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. பழனிவேல்ராஜன் எழுந்து, சிஸ்டரின் குரலில், "வாய மூடுங்க எல்லாரும்! புள்ளத்தாச்சிய நிக்க வச்சிட்டு என்ன சந்தைக்கட சத்தம்?" என்று அதட்டினார். ஊர் மூடியது. டாக்டர் இளவழகன், "சட்டப்படி நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா மாரித்தங்கத்துக்கு மாசம் நெருங்கிருச்சு. முதல்ல பறிபோறது அவங்களுக்குத்தான். அவங்க சொல்லட்டும்" என்றார்.

மாரித்தங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி, பட்டை கட்டிய கையைக் கடைசியாக ஒருமுறை வயிற்றில் வைத்து, நூறு வரைக்கும் எண்ணினாள். நூறைத் தாண்டியும் கொஞ்சம் எண்ணினாள். பிறகு பட்டையைக் கழற்றி, பிளேடை எடுத்து, அதன் வெள்ளை உறையை ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரித்து முடித்துத் திரும்பவும் வயிற்றைத் தொட்டபோது விரல் வெறும் விரலாக இருந்தது. அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டே அடுத்த துணிக்காகக் கையை நீட்டினாள்.

சங்கரபாண்டி அந்த இடத்திலேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றான். பழனிவேல்ராஜன் கொடுத்தார். பேச்சித்தாய் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். கடைசியாக ஆறுமுகநயினார், பாக்கெட்டிலிருந்த சில்லறையை எல்லாம் டிரைவர் மடியில் கொட்டிவிட்டு, காக்கிச் சட்டையை உருவி நீட்டினார். "என்னமோ செய். ஆனா சிஸ்டர் தோக்கக் கூடாது, சொல்லிப்போடு" என்றார். 

மாரித்தங்கம் இரண்டு பகல் உட்கார்ந்து அந்தக் கோட்டைத் திரும்பச் சேர்த்தாள். கூடையிலிருந்து முதுகைத் தேடி எடுத்து, பொத்தான்களைப் பொறுக்கி, துண்டு துண்டாக இணைத்தாள். பரோட்டா எண்ணெய் ஏறிய கை, பூ வாசமடிக்கும் கை, சில்லறைக் கறுப்புப் படிந்த பாக்கெட், ரேஷன் கோதுமைத் தூசி போகாத காலர். எவ்வளவு துவைத்தாலும் பழைய வெள்ளை வரவில்லை. மேலெல்லாம் தையல் கோடு. அதை மடித்து மஞ்சள் பையில் வைத்து, நல்ல நேரமெல்லாம் பார்க்காமல் கூரியரில் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு, அதுவும் சரியான ராகு காலத்தில், அவளுக்கு வலி கண்டது. நல்லவேளையாக அன்று டாக்டர் ஊரில் இருந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, நான்கு பேரும் வந்துவிட்டார்கள். வந்து நின்ற பிறகுதான் அவர்களுக்கே ஞாபகம் வந்தது, தங்கள் கையில் இப்போது ஒன்றுமில்லை என்று. இருந்தாலும் சங்கரபாண்டி கையைக் கழுவினான், இன்னொரு தரம் கழுவினான். முதல் குத்து தப்பியது. இரண்டாவதும் தப்பியது. அவன் நெற்றி வியர்வையை டாக்டர் துடைத்துவிட்டு, "மெதுவா, மாஸ்டர், இத்தன நாள் பண்ணின கைதான்" என்றார். மூன்றாவது ஏறியது. பழனிவேல்ராஜன் வாசலில் போய், சிஸ்டர் குரல் வராமல், தன் சொந்தக் குரலில், "கொஞ்சம் வெளிய இருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் வெளியே போனார்கள்.

உள்ளே மாரித்தங்கம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "துடிக்கா? டாக்டர், துடிக்கா?" டாக்டர் துடிக்கிறது என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கையை வைத்தாள், வெறும் கை. ஒன்றும் கேட்கவில்லை. பயம் அவளை விழுங்கப் பார்த்தது. அப்போது ஆறுமுகநயினார் தலைமாட்டில் வந்து நின்றார். "எனக்கு இப்பம் ஸ்டாப் தெரியாது மாரி. ஆனா நாப்பத்து மூணு ட்ரிப் அடிச்சிருக்கேன். உன் மூச்சப் பாத்தா, இதான் கடைசி ஸ்டாப். விசில் குடுத்தா நீ போணும், என்ன?" என்று சொல்லி விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். பஸ் கிளம்புகிற அதே விசில். மாரித்தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். திரும்ப இரண்டு விசில். திரும்ப. வாசலில் நின்ற பயணிகள் எல்லாரும் சேர்ந்து, "போலாம், ரைட்!" என்று கத்தினார்கள்.

பிள்ளை வந்தது. வந்து, ஒரு நொடி சும்மா கிடந்தது. அந்த ஒரு நொடியில் மாரித்தங்கம் இரண்டு பிள்ளைகளையும் திரும்பப் பறிகொடுத்தாள். பிறகு அது வாயைத் திறந்து, ரேஷன் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பேச்சித்தாய் தையல் போட்டு முடித்தாள். நேரம் கொஞ்சம் அதிகம் பிடித்தது, முடிச்சு கொஞ்சம் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். ஐயாக்குட்டி ஓடிப்போய் வேப்பமரத்தடியில் மைக்கைக் கட்டி, "ஆலடிப்பேரி மகாஜனங்களே" என்று ஆரம்பித்து, மேலே பேச முடியாமல் மைக்கிலேயே விம்மி விம்மி அழுதார். என்ன பிள்ளை என்று பஸ் டிரைவர்தான் மைக்கைப் பிடுங்கிச் சொன்னார். பெண்.

மறுநாள் சிஸ்டர் போனில் துள்ளினாள். "பாஸ்ட்டி! பாஸ்! கோட்ட வெள்ளச் சட்டைக்கு உள்ள போட்டுட்டுப் போனேன். ஊசி முதக் குத்துலயே ஏறுச்சு. ஆனா ஒண்ணு கேளு, பிரசவப் பொம்மையப் பாத்து என் வாயி என்னையறியாம, 'இன்னும் ரெண்டு ஸ்டாப்தான்மா, கம்பியப் பிடிச்சிக்கோ'ங்குது! எல்லாத்தயும் முடிச்சிட்டு ரெண்டு தடவ விசிலடிச்சேன். பரீட்சை வைக்க வந்த அம்மா பேந்தப் பேந்த முழிச்சிட்டு, இது எந்த முறைன்னு கேட்டா. எங்க ஊரு முறைன்னு சொல்லிட்டேன். இப்பம் இங்க உள்ள நர்ஸெல்லாம் விசில் வாங்கணும்னு அலையுதுவ."

பிள்ளைக்கு மூன்று மாதம் நிறைந்தபோது அயர்லாந்திலிருந்து மஞ்சள் பை திரும்பி வந்தது. உள்ளே பேச்சித்தாயின் ஆறு பட்டுத் துணியும் ஆறு ஜாக்கெட்டாகத் தைத்து இருந்தன. மாரித்தங்கம் திருப்பிப் பார்த்தாள். கொக்கிக்குக் கீழே நூலை மூன்று தடவை குறுக்கே ஓட்டி நிறுத்துவது அவளுடைய வழக்கம், வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆறு ஜாக்கெட்டிலும் ஒவ்வொரு கொக்கிக்கும் நூல் மூன்று தடவை குறுக்கே ஓடியிருந்தது. துணியில் ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாத உலகு அக்கா தைத்தது. பேச்சித்தாயின் மகள் போட்டுப் பார்த்தாள், அளவு பிசகவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

பையின் அடியில் ஒரு குட்டிச்சட்டை. மேலெல்லாம் தையல் கோடு ஓடிய, பழுப்பேறிய வெள்ளைத் துணி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'இனி எனக்கு வேண்டாம் மாரி, எல்லாம் கைக்கு வந்துவிட்டது. கோட்டைப் பிள்ளைக்குச் சட்டையாக வெட்டினேன்.'

மாரித்தங்கம் சட்டையை உதறி, பிள்ளைக்குப் போட்டு, மடியில் கிடத்தினாள். எதிரே ஆஸ்பத்திரிக்குள் சங்கரபாண்டி கை கழுவிக்கொண்டிருந்தான், வாசலில் பதினேழாம் நம்பர் பஸ் நின்றுகொண்டிருந்தது. பிள்ளை கையைக் காலை ஆட்டியது. பிறகு ஆட்டத்தை நிறுத்தியது. சின்ன விரல் இரண்டை நீட்டித் தேடி, அம்மாவின் மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, நாடி துடிக்கிற சரியான இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, சுற்றுகிற மின்விசிறியை மேலே பார்த்து, பல்லில்லாத வாயை மெல்ல மெல்ல அசைத்தது. மாரித்தங்கம் கையை இழுக்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, பிள்ளை எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.